மாரியம்மன் கோயில் மண்டபத்து முழக்கத்தை இலவச ரிவெர்ப் பிளகினில் ஏற்றுவது எப்படி

வீட்டு அறையில் பதிவான பக்திப் பாட்டைப் போட்டவுடன் காது ஒன்றைக் கண்டுபிடித்துவிடும்: பாடியவர் கோயிலில் நிற்கவில்லை. குரல் நன்றாக இருக்கும், சுருதி சேர்ந்திருக்கும், உறுமி அழுத்தமாக விழும். ஆனால் மேலே பூசியிருக்கும் ரிவெர்ப் (சேர்த்த முழக்கம்), ஏதோ ஒரு ஐரோப்பியக் கல் தேவாலயத்தின் பெயர் போட்ட பிரிசெட்டாக, அதாவது முன்பே அமைத்து வைத்த தேர்வாக இருக்கும். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தாய், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒட்டவே ஒட்டாது. நம் காதுக்குப் பழகியது தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஒரு பக்கம் திறந்து கிடக்கும் மண்டபம். அந்த மண்டபத்தின் முழக்கத்தையே எடுத்து இலவச பிளகினில், அதாவது பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளில் ஏற்றலாம். லாப்டாப், அதில் மைக்கையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், ஒரு நல்ல ஸ்பீக்கர், ஒரு பிற்பகல் போதும்.

இதற்கு வேண்டிய பிளகின் வகை கன்வல்யூஷன் ரிவெர்ப். சாதாரண ரிவெர்ப் பிளகின், கணக்குப் போட்டுச் செயற்கையாக முழக்கத்தை உண்டாக்கும். கன்வல்யூஷன் அப்படியல்ல. ஓர் இடத்தில் ‘டக்’ என்று ஒரு நொடிப்பொழுது ஓசை எழுப்பினால் அந்த இடம் எப்படிப் பதில் சொல்கிறதோ, அந்தப் பதிலை ஒரு வேவ் ஃபைலாகக் கொடுக்க வேண்டும். இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஐஆர். உங்கள் குரலின் ஒவ்வொரு சாம்பிளையும் (பதிவான ஒலியின் ஒவ்வொரு நுண் அளவீட்டையும்) ஒரு ‘டக்’காக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த முழுப் பதிலையும் ஒட்டி, எல்லாவற்றையும் கூட்டித் தருவதுதான் பிளகினின் வேலை. 2.6 விநாடி ஐஆர் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 1,24,800 சாம்பிள். நேரடியாகப் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 600 கோடிப் பெருக்கல், அதுவும் ஒரு சேனலுக்கு மட்டும். பிளகின்கள் இதை எஃப்எஃப்டி என்ற வேகக் கணக்கு முறை வழியாகத் துண்டு துண்டாகச் செய்கின்றன. தாமதமே இல்லாமல் அப்படிச் செய்யும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995-இல் எழுதி வைத்தார். சாதாரண லாப்டாப்பில் இன்று இது ஓடுவதற்கு அந்த வகை உத்திகளே காரணம்.

இலவசத்தில் எதை எடுப்பது? விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு மெல்டா புரொடக்‌ஷனின் இலவசத் தொகுப்பில் வரும் எம்கன்வல்யூஷன் ஈசி போதும். உங்கள் சொந்த ஃபைலை அதில் ஏற்றலாம். லினக்ஸ்காரர்களுக்கு எல்எஸ்பி இம்பல்ஸ் ரிவெர்ப். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வைத்திருந்தால் ரியாவெர்ப் கூடவே வருகிறது. ரீப்பர் சோதனைக் காலத்துக்குப் பிறகு காசு கேட்கும் மென்பொருள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் ஒலித்தரத்தில் பெரிய வித்தியாசம் வராது. பெருக்கல் எல்லாவற்றிலும் ஒரே பெருக்கல்தான். கூட வரும் ஃபில்டர், நீளம் குறைக்கும் கட்டுப்பாடு, திரை வசதி ஆகியவைதான் மாறும். ஆகவே பிளகின் தேடி ஒரு வாரம் செலவழிக்காதீர்கள். அந்த நேரத்தை ஐஆர் எடுப்பதில் போடுங்கள். முதலில் பழகிப் பார்க்க யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பிலிருந்து ஓர் ஐஆர் இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ள உரிம நிபந்தனையைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

இனி மண்டபத்துக்கு வருவோம். எடுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் முழங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பதிவின் முடிவில் எவ்வளவு மௌனம் விட வேண்டும் என்பது அதில்தான் தெரியும். வாலஸ் சபைன் 1890-களில் ஹார்வர்டில் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் போதும்: மண்டபத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும்.

15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 750 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 550 சதுர மீட்டர். சிமெண்டும் தகரமும் ஒலியை அதிகம் விழுங்காது, சராசரி 0.03 என்று போடலாம். எல்லாப் பக்கமும் அடைத்திருந்தால் கணக்கு 7.3 விநாடி என்று வரும். ஆனால் நம் மண்டபங்கள் அடைத்திருப்பதில்லை. முன்பக்கம் 10 மீட்டர் அகலத்துக்கு 3 மீட்டர் உயரம் திறந்திருந்தால், அந்த 30 சதுர மீட்டரும் ஒலியை முழுசாக வெளியே விட்டுவிடும். மீதி 520 சதுர மீட்டரின் 15.6-ஐயும் சேர்த்தால் இப்போது உறிஞ்சல் 45.6, முழக்கம் 2.65 விநாடி. அதே மண்டபத்தில் 100 பேர் வந்து உட்கார்ந்தால், தலைக்குச் சுமார் 0.45 வீதம் இன்னும் 45 கூடும், முழக்கம் 1.33 விநாடியாகச் சுருங்கும். திருவிழா அன்று ஒலிக்கும் பாட்டும் செவ்வாய்க்கிழமை காலியான மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டும் வேறு வேறாக இருப்பது இதனால்தான். ஐஆர் எப்போதும் காலி மண்டபத்தில்தான் எடுப்போம். திருவிழாக் கூட்டத்தின் ஒலி வேண்டுமென்றால் பிளகினில் நீளத்தைப் பாதியாக்குங்கள், கிட்டத்தட்ட அதுவே வந்துவிடும்.

தகரக் கூரைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மெல்லிய தகரம் கீழ் ஸ்தாயியைத் தடுக்காது, தானும் அதிர்ந்து வெளியே விட்டுவிடும். ஆகையால் கான்கிரீட் மண்டபத்தில் வரும் ‘உம்’ என்ற அடி முழக்கம் இங்கே குறைவு. நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும்தான் பளிச்சென்று நிற்கும். நாதஸ்வரம் தோட்டக் கோயிலில் அத்தனை கூர்மையாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலூன் உடைப்பது, இரண்டு பலகையைச் சேர்த்து அடிப்பது, இவையெல்லாம் அவசரத்துக்கு உதவும். ஆனால் அடி ஸ்தாயி போதாது, ஒரு தடவை வந்த ஓசை மறு தடவை வராது. சரியான வழி சைன் ஸ்வீப். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு விசிலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, மண்டபத்தில் பதிவு செய்து, பிறகு கணக்கால் அதை ஒரே ‘டக்’காக மடக்குவது. ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) சம நேரம் எடுத்து ஏறும் ஸ்வீப்பை ஆஞ்சலோ ஃபாரினா 2000-இல் முன்வைத்தார். அதன் பெரிய நன்மை: ஸ்பீக்கர் தன் பங்குக்குச் சேர்க்கும் கரகரப்பு, மடக்கிய பிறகு உண்மையான ஐஆருக்கு முன்னால் தனியாகப் போய் விழுந்துவிடும். கத்தரித்து எறிந்துவிடலாம்.

ஸ்வீப் நீளம் 30 விநாடி வையுங்கள். 20-இலிருந்து 20,000 வரை ஏறத்தாழ 10 ஆக்டேவ், ஆக ஓர் ஆக்டேவுக்கு 3 விநாடி. இந்த 3-ஐ மறக்க வேண்டாம், பின்னால் இரண்டு இடத்தில் உதவும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலைவிட ஐஆர் 3 டெசிபெல் மேலே ஏறும். ஆனால் 60 விநாடி லோரி ஒன்றும் போகாமல் தோட்டச் சாலை அமைதியாக இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ‘சர்ப்’ உருவாக்கும் பகுதியில் சைன் அலை, லாகரிதமிக், 20 முதல் 20,000, அளவு இரு முனையிலும் 0.5 என்று கொடுத்தால் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட். தொடக்கத்தில் 50 மில்லி விநாடி ஃபேட் இன், முடிவில் 5 மில்லி விநாடி ஃபேட் அவுட் போடுங்கள், இல்லாவிட்டால் ‘டிக்’ என்ற ஒலி கூடவே வரும். அதன் பின்னால் 10 விநாடி மௌனம் சேர்த்து வையுங்கள்.

கோயில் நிர்வாகத்திடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஸ்வீப் ஒலி கேட்டுப் பழகாதவர்களுக்குச் சைரன் மாதிரி இருக்கும். மதியப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எடுப்பது என் பார்வையில் சிறந்தது. காலையில் மைனாக்களும் குயிலும், அந்தி சாய்ந்தால் சில்வண்டு. சில்வண்டின் ஓசை ஐஆரின் வாலைக் கெடுக்கும் உயர் ஸ்தாயியிலேயே உட்கார்ந்திருக்கும். பாங்கு நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் தகரக் கூரையின் கீழ் வேலையே நடக்காது, மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

காற்றாடிகளை எல்லாம் நிறுத்துங்கள். இரைச்சலுக்காக மட்டுமல்ல. சுழலும் இறக்கை ஒலியின் பாதையை நொடிக்கு நொடி மாற்றுகிறது. கன்வல்யூஷனோ இடம் அசையவே இல்லை என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. காற்றாடி ஓடிய பதிவில் மேல் ஸ்தாயி மங்கிப் போயிருக்கும், காரணம் தெரியாமல் மைக்கைக் குறை சொல்வோம். குழல் விளக்கு, குளிர்பெட்டி இவற்றையும் அணையுங்கள்.

பிறகு மண்டபத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். தொங்கும் மணி, அடுக்கிய தாம்பாளம், தகர உண்டியல், சுவரில் மாட்டிய உறுமி, மூலையில் இருக்கும் தவில், மின்சார முரசு. ஸ்வீப் அவற்றின் சொந்த ஸ்தாயியைத் தொடும்போது ஒவ்வொன்றும் கூடவே பாடும். தோல் வாத்தியங்களை வெளியே எடுத்து வையுங்கள். மணி நாக்கைத் துணியால் கட்டுங்கள். எடுக்க முடியாதது எதுவென்று தெரிய, ஒரு தடவை ஸ்வீப்பைப் போட்டுவிட்டு மண்டபத்துக்குள் நடந்து கேளுங்கள். கூரைத் தகடு ஏதாவது ‘ஜ்ஜ்’ என்று நடுங்கினால் அந்த இடத்தில் ஆணி தளர்ந்திருக்கும். அதை முடுக்க முடியாவிட்டால் ஸ்பீக்கர் சத்தத்தை 6 டெசிபெல் இறக்குங்கள். தகட்டின் நடுக்கம் ஸ்பீக்கரின் கரகரப்பைப் போல ஒழுங்காகத் தனியே பிரியாது, ஐஆர் முழுக்க இரைச்சலாகப் பரவிவிடும்.

ஸ்பீக்கர், பாடுபவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்தவரின் வாய் உயரத்தில் இருக்கட்டும். மைக் எவ்வளவு தூரம்? நேரடி ஒலியும் முழக்கமும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு: கன அளவை முழக்க நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057-ஆல் பெருக்கினால் கிடைக்கும். நம் மண்டபத்துக்கு அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைவிட நன்றாகத் தள்ளி, 5 மீட்டரில் வையுங்கள். இரண்டு கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரித்து வைத்தால் இடது வலது விரிவு இயல்பாக வரும். பக்கச் சுவர்களுக்குச் சரி நடுவில் மட்டும் வைக்காதீர்கள், அரை மீட்டர் தள்ளுங்கள். சரி நடுவில் சில அடி ஸ்தாயிகள் காணாமல் போகும்.

ஒலிக்கவிடுவதும் பதிவு செய்வதும் ஒரே இன்டர்ஃபேஸில் நடக்க வேண்டும். கைப்பேசியில் ஸ்வீப்பைப் போட்டு வேறொரு ரெக்கார்டரில் பதிந்தால், இரண்டின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே 30 விநாடி முடிவில் 0.6 மில்லி விநாடி விலகிவிடும். மடக்கிய பிறகு ‘டக்’ என்பது ‘ச்யூ’ என்று இழுபடும். பதிவு அளவு உச்சத்தில் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் இருக்கட்டும். ஸ்பீக்கரை அதிகம் முடுக்க வேண்டாம். ஸ்வீப்பின் கடைசிச் சில விநாடிகள் ட்வீட்டருக்குத் தொடர்ச்சியான சுமை, சிறிய ட்வீட்டர் கருகிப் போகும்.

ஸ்வீப் ஓடும்போது யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டால் அந்தப் பதிவை அப்படியே விட்டுவிட்டு மறுபடியும் எடுங்கள். ஒரு நொடி ஓசைதானே என்று தோன்றும். ஆனால் கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது: ஸ்வீப்பை ‘டக்’காக மடக்கும் அதே கணக்கு, ‘டக்’கை ஸ்வீப்பாக விரித்துவிடும். தட்டு விழுந்த ஓசை, ஐஆரின் வாலில் மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய விசிலாக வந்து நிற்கும். ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் அதை எடுக்க முடியாது. இதே காரணத்தால் மூன்று தடவையாவது பதிந்து வைத்து, சுத்தமானதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கத் தோன்றும், வேண்டாம். திறந்த மண்டபத்தில் காற்று அசைந்துகொண்டே இருப்பதால் மேல் ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

மடக்குவதற்கு எளிய வழி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட். ஸ்வீப் போடுவது, பதிவது, மடக்குவது, ஐஆரை வேவ் ஃபைலாக ஏற்றுமதி செய்வது எல்லாவற்றையும் அதுவே செய்யும். இடது மைக்கையும் வலது மைக்கையும் தனித்தனியாக அளந்தால், நேரத் தொடக்கத்தைப் பொதுவாக வைக்கும் டைமிங் ரெஃபரன்ஸ் போட்டே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் இடையிலுள்ள நேர உறவு அறுந்து ஸ்டீரியோ சிதறும்.

கையால் செய்வதும் கடினமில்லை, ஒரு தடவை செய்தால் விஷயம் முழுக்கப் புரியும். ஸ்வீப் ஃபைலின் 30 விநாடியை மட்டும் நகலெடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். இப்போது அது 20,000-இல் தொடங்கி 20-க்கு இறங்கும். அதன் அளவை ஆக்டேவுக்கு 6 டெசிபெல் வீதம் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஆக்டேவுக்கு 3 விநாடி என்றோமே, ஆகவே 3 விநாடிக்கு ஒரு புள்ளி: 0-இல் 0, 3-இல் மைனஸ் 6, 6-இல் மைனஸ் 12, இப்படியே 30-இல் மைனஸ் 60. இந்த ஃபைலையே ஐஆராகக் கன்வல்யூஷன் பிளகினில் ஏற்றி, மண்டபப் பதிவை அதன் வழியாக, மூல ஒலி கலக்காமல் பிளகினின் ஒலி மட்டும் வரும்படி (100 சதவீதம் ‘வெட்’, wet) ஓட்டிப் புதிய ஃபைலாக ரெண்டர் செய்தால் மண்டபத்தின் ஐஆர் கிடைத்துவிடும். 30 விநாடி ஃபைலை வெட்டாமல் ஏற்றும் பிளகினாக இருக்க வேண்டும். அளவு எக்கச்சக்கமாக ஏறும் என்பதால் 32 பிட் ஃப்ளோட்டில் ரெண்டர் செய்யுங்கள், பிறகு இறக்கிக்கொள்ளலாம். ரெண்டர் நீளம் 70 விநாடி. மண்டபப் பதிவுக்கு முன்னால், மூல ஸ்வீப்பையே ஒரு தடவை இப்படி ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு சுத்தமான ‘டக்’ வந்தால் உங்கள் தலைகீழ் ஃபைல் சரி.

ரெண்டரைத் திறந்தால் 30-ஆவது விநாடியை ஒட்டி ஐஆர் உயர்ந்து நிற்கும். அதற்குச் சரியாக 3 விநாடி முன்னால் ஒரு குட்டி ‘டக்’ இருக்கும். அதுதான் ஸ்பீக்கரின் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண்) கரகரப்பு. மூன்றாவது, ஏறத்தாழ 4.8 விநாடி முன்னால். அவை வரும் இடமே அவை என்னவென்று சொல்லிவிடும். முழக்கம் 3 விநாடிக்கு மேல் போகும் இடமென்றால் அந்தக் குட்டியின் வால் உண்மையான ஐஆரின்மேல் ஏறும், அங்கே ஸ்வீப்பை 60 விநாடியாக்குங்கள்.

இனி வெட்டும் வேலை. ஐஆருக்கு முன்னால் இருப்பதை எல்லாம் எறியுங்கள். மைக் 5 மீட்டர் தள்ளி இருந்ததால் நேரடி ஒலி வந்து சேர 14 மில்லி விநாடி ஆகியிருக்கும், அந்த வெற்றிடமும் வேண்டாம். முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளியான பிரீ டிலே பிளகினிலேயே உண்டு. முழக்கத்தைத் தனியாகச் சேர்க்கும் சென்ட் டிராக்கில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் முதல் 3 மில்லி விநாடியில் உள்ள நேரடி ஒலியையும் மெல்லிய ஃபேடோடு எடுத்துவிடலாம், குரல் இரண்டு தடவை கேட்காது. வால் பக்கம்தான் கவனம் அதிகம் வேண்டும். முழக்கம் இரைச்சலுக்குள் மூழ்கும் இடத்தைத் திரையில் டெசிபெல் அளவுகோலில் பாருங்கள். இறங்கி வந்த கோடு படுத்துவிடும். அந்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்தே ஃபேட் அவுட் தொடங்கட்டும். படுத்த பகுதியை விட்டுவைத்தால், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு புகை எழும். சேமிக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பாட்டு 44.1-இல் இருந்து பிளகின் தானாக மாற்றாவிட்டால் மண்டபம் கொஞ்சம் பெரிதாகவும் மங்கலாகவும் கேட்கும். ஒலி சரியில்லை என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

மிக்ஸில் எப்போதும் தனி சென்ட் டிராக். பிளகினில் டிரை (மூல ஒலி) பூஜ்யம், வெட் (முழக்கம்) முழுசு. குரலுக்கு 20 முதல் 30 மில்லி விநாடி பிரீ டிலே கொடுத்தால் சொற்கள் தெளியும். ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். உறுமிக்கும் தவிலுக்கும் வேறொரு சென்ட் வையுங்கள், அதே ஐஆர்தான், ஆனால் நீளத்தை 1.2 விநாடிக்குச் சுருக்கி. 2.6 விநாடியை அப்படியே தவிலுக்குக் கொடுத்தால், வேகமான சொற்கட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். நேரில் அப்படித்தானே கேட்கிறது என்று சிலர் சொல்வார்கள். நேரில் கண் பார்க்கிறது, கை விழுவது தெரிகிறது. பதிவில் காது மட்டும்தான்.

10 மீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர் இருக்கும் மண்டபத்தில், கை தட்டினால் ‘டப டப டப’ என்று 57 மில்லி விநாடிக்கு ஒரு தடவை திரும்பி வரும். ஐஆரிலும் அது இருக்கும். பாட்டுக்கு அழகு, தாளத்துக்குத் தொல்லை. பிடிக்காவிட்டால் பக்கச் சுவர் ஒன்றில் நாலைந்து கோரைப்பாயை மாட்டி இன்னொரு ஐஆர் எடுங்கள், மேல் ஸ்தாயியிலாவது அடங்கும்.

இதே முறையில் பழைய ரப்பர் புகைக்கூடம், தோட்ட மண்டபம், காலித் தண்ணீர்த் தொட்டி எதையும் எடுக்கலாம். தொட்டி என்றால் மௌனத்தை நிறைய விடுங்கள். ஸ்காட்லாந்தில் இன்ச்சின்டவுன் எண்ணெய்த் தொட்டியில் 125 ஹெர்ட்ஸில் 112 விநாடி முழக்கம் அளந்திருக்கிறார்கள். மூடிய தொட்டிக்குள் இறங்குவது உயிருக்கு ஆபத்து, வாயிலிலிருந்து மைக்கை மட்டும் இறக்குங்கள்.

கோயில் திருப்பணிக்குப் போகிறது, தகரத்தை எடுத்துக் கான்கிரீட் போடப் போகிறார்கள், அல்லது தோட்டம் வீடமைப்புக்குப் போய்க் கோயில் இடம் மாறுகிறது என்று தெரிந்தால், வேறு எதற்கும் காத்திராமல் போய் எடுத்துவிடுங்கள். பழைய கூரை இறங்கிய மறுநாள் அந்த ஒலியை எந்தப் பிளகினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெட்டிய ஐஆரோடு வெட்டாத மூலப் பதிவையும் தலைகீழ் ஸ்வீப்பையும் சேர்த்தே வையுங்கள். 40 விநாடி ஸ்டீரியோ 24 பிட்டில் 11.5 மெகாபைட்தான். நாளைக்கு நல்ல மென்பொருள் வந்தால் மறுபடி மடக்கலாம். ஃபைலின் பெயரில் தோட்டம், தேதி, ஸ்பீக்கர் இருந்த இடம், மைக் தூரம், எந்தக் கதவு திறந்திருந்தது என்பதை எழுதுங்கள். கைப்பேசியில் மண்டபத்தை நாலு பக்கமும் படம் பிடித்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.